கூட்டுப் பச்சோந்திக்கு எந்த வெளிச்சம்?



பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏதாவதொரு பிராணியும் இருக்கும். நமது ஊர்களில் அது பூனையாக, கோழியாக, மீன் தொட்டியாக இருக்கும். லண்டனிலும் டொரண்டோவிலும் குடும்பத்தோடு குடியேறிவிட்ட நம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் ஆசை சில வேளை வேறு பக்கம் போகிறது. "உம்மா, பச்சோந்தி வாங்கித் தாங்க" என்று மகன் கேட்கிறான். வாப்பாவும் சம்மதிக்கிறார். கூடு வருகிறது, செடி வருகிறது, உயிருள்ள வெட்டுக்கிளிப் பெட்டியும் வருகிறது. கடைசியில் விளக்கு வாங்கும்போதுதான் தடுமாற்றம். கடையில் பத்து வகை விளக்குகள். ஒன்றில் 5.0 என்று இருக்கிறது, இன்னொன்றில் 12 சதவீதம் என்று இருக்கிறது. விலை மலிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்பி விடுகிறார்கள்.

மகன் காலையில் பாடசாலைக்குப் போய்விடுவான், வாப்பா வேலைக்குப் போய்விடுவார். நாள் முழுவதும் அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் நடமாடுபவர் நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். நமது இலங்கையின் உலர் வலயத்திலும் பச்சோந்தி உண்டு. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. வேலியில் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிடித்து வளர்க்க வேண்டாம். இங்கே நாம் பேசுவது, வெளிநாடுகளில் பண்ணைகளில் பிறந்து, சட்டப்படி விற்கப்படும் பச்சோந்திகளைப் பற்றி. அவற்றில் அதிகமாக வீடுகளில் இருப்பது யெமன் பச்சோந்தி. தலையில் கிரீடம் வைத்தாற்போல் உயர்ந்த கொண்டை உடையது. யெமனின் மலைப்பகுதியும் சவூதியின் தென்மேற்கு மூலையும் அதன் பிறந்தகம்.

வெயிலோடு திரும்பும் பிராணி

பச்சோந்திக்கு அறபியில் ஹிர்பாஉ என்று பெயர். பழைய அறபிகள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். எகிப்தைச் சேர்ந்த அறிஞர் தமீரி, ஹிஜ்ரி 808இல் காலமானவர், 'ஹயாத்துல் ஹயவான்' என்ற தமது பெரிய நூலில் இதற்கென ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். அது சூரியனை நோக்கி இருந்து, சூரியன் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும் என்று அதில் பதிந்திருக்கிறார்.

இது வெறும் கதையல்ல. பச்சோந்தி காலையில் கிளையின் நுனிக்கு வந்து, உடலைத் தட்டையாக்கி, ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டும். உடல் கறுக்கும். போதிய சூடு ஏறியதும் நிறம் வெளுக்கும், இலைகளுக்குள் போய்விடும். வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

அப்படிப்பட்ட பிராணியை நாம் ஓர் அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறோம். வைத்த நாளிலிருந்து அதன் சூரியன் நம் கையில் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடாமல், தேடித் தின்னவும் விடாத பெண்ணின் செய்தி நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டது. அடைத்து வைத்தவர் மீது, அடைக்கப்பட்டதன் தேவை பொறுப்பாகிறது. பச்சோந்தியின் தேவைகளில் வெயிலும் ஒன்று.

எலும்புக்கும் வெயிலுக்கும் என்ன உறவு?

பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் கழியூதாக் கதிர் என்று படித்திருப்பீர்கள். அதை மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நனோமீற்றர் வரை யு.வி.ஏ., 280 முதல் 315 வரை யு.வி.பி., 280க்குக் கீழே யு.வி.சி. சூரியனிலிருந்து வரும் யு.வி.சி.யை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அது பூமிக்கு வந்து சேர்வதில்லை.

யு.வி.பி. தோலில் படும்போது, தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் மாற்றம் அடைந்து, உடற்சூட்டின் உதவியோடு விற்றமின் டி3 ஆகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அதன் பின்னர்தான் உணவிலுள்ள கல்சியத்தை உடல் எடுத்துக்கொள்ளும். பச்சோந்திக்கும் இதுதான், நமக்கும் இதுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. ஒக்டோபர் முதல் மார்ச் ஆரம்பம் வரை அங்குள்ள வெயிலில் விற்றமின் டி போதிய அளவு உருவாகாது, அந்த மாதங்களில் தினமும் மாத்திரை எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று அந்நாட்டின் சுகாதார சேவை எல்லோருக்கும் சொல்கிறது. உங்களுக்கே அப்படியென்றால், யெமன் மலை வெயிலுக்குப் படைக்கப்பட்ட உயிருக்கு எப்படி இருக்கும்?

யு.வி.பி. கிடைக்காத பச்சோந்தி கல்சியத் தூள் தின்றாலும் பயன் குறைவு. உடல் தனது எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவி எடுக்கும். கால்கள் வளையும், தாடை மிருதுவாகும், கிளையைப் பிடிக்கும் பலம் போகும். நாக்கை நீட்டி இரை பிடிக்க முடியாமல் போகும். வளரும் குட்டிகளுக்கும், முட்டை சுமக்கும் பெண்ணுக்கும் இது விரைவாக வரும். பெண் யெமன் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும் என்பதை நினைவில் வையுங்கள். தனியாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அதன் கல்சியத் தேவையைக் குறைத்துவிடாதீர்கள்.

பிரகாசம் வேறு, கழியூதா வேறு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யு.வி.பி. கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பளிச்சென்று எரிகிறது என்பதால் அதில் யு.வி.பி. இருக்கிறது என்று பொருளில்லை.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுகிறதே என்பீர்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும் உள்ளே வரும்.

வீட்டுக்கு வாங்கும் எல்.ஈ.டி. குமிழில் யு.வி.பி. இல்லை. செடிக்கும் கூட்டின் வெளிச்சத்துக்கும் அது நல்லது, எலும்புக்கு உதவாது. சூடு தரும் குமிழும் அப்படியே. மண்டபங்களில் தொங்கும் ஊதா நிற 'பிளாக் லைட்' யு.வி.ஏ. மட்டுமே தரும். 'யு.வி.' என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது, 'யு.வி.பி.' என்றும், ஊர்வனவற்றுக்கு உரியது என்றும் இருக்க வேண்டும்.

இவை உதவாதவை. ஆபத்தான ஒன்றும் உண்டு. 2020இல் கொவிட் பரவியபோது கிருமி கொல்லும் யு.வி. விளக்குகள் பல வீடுகளுக்கு வந்தன. அவை தருவது யு.வி.சி., பெரும்பாலும் 254 நனோமீற்றர் அளவில். அந்தக் கதிர் கண்ணையும் தோலையும் எரிக்கும். கண்ணில் பட்ட உடனே தெரியாது. சில மணித்தியாலங்கள் கழிந்து, கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி, நீர் வடியும். அலுமாரியில் சும்மா கிடக்கிறதே என்று அந்த விளக்கைப் பச்சோந்திக் கூட்டில் மாட்டிவிட்டால் பிராணியின் கண்ணும் போகும், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணும் பாதிக்கப்படும். அது கூட்டுக்கு உரியதே அல்ல.

எதை வாங்குவது?

கூட்டின் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் குழல் விளக்கே பச்சோந்திக்கு ஏற்றது. கதிர் கிளைகள் மேல் பரவலாக விழும். சுருள் வடிவக் குமிழ் விலை குறைவு. ஆனால் அதன் கதிர் சிறிய இடத்தில் மட்டும் விழுந்து, கொஞ்சம் விலகியதும் வேகமாகக் குறையும். 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வந்த சில சுருள் குமிழ்கள், சூரிய ஒளியில் இல்லாத அளவுக்குக் குறுகிய அலைநீளக் கதிரை வெளியிட்டு, ஊர்வனவற்றின் கண்களைப் புண்ணாக்கின. பெயர் தெரியாத மலிவு விளக்குகளில் இன்றும் இந்த அச்சம் உண்டு. அளந்து வெளியிட்ட விபரம் உள்ள, ஊர்வன விளக்குகளுக்கென்றே அறியப்பட்ட தயாரிப்பாளரின் விளக்கை வாங்குங்கள். இந்த இடத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சூடும் யு.வி.பி.யும் ஒன்றாகத் தரும் இரச ஆவிக் குமிழ் என்று ஒன்றும் விற்கிறார்கள். அதன் சூடு கடுமையானது, குறைக்கவும் முடியாது. சிறிய கூட்டில் உள்ள பச்சோந்திக்கு அது பொருந்தாது. சூட்டுக்கு ஒரு குமிழ், யு.வி.பி.க்கு ஒரு குழல் என்று தனித்தனியே வையுங்கள்.

குழல்களில் டி8, டி5 என இரு பருமன் உண்டு. டி5 மெலிந்தது, ஆனால் அதிக வலுவுள்ளது. பெட்டியில் உள்ள 5.0 அல்லது 6 சதவீதம், 10.0 அல்லது 12 சதவீதம் என்ற எண்களைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஒரே சதவீதம் எழுதிய டி8உம் டி5உம் ஒரே அளவு கதிர் தருவதில்லை. யெமன் பச்சோந்திக்கு, பின்னால் பிரதிபலிப்புத் தகடு உள்ள 5.0 அல்லது 6 சதவீத டி5 குழல் போதுமானது. கூடு உயரமாக, கிளை தொலைவில் இருந்தால் மட்டும் அடுத்த அளவு.

தூரத்தில்தான் காரியம்

நல்ல விளக்கு வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதும் நாலு முழம் தள்ளி நிற்பதும் ஒன்றாகுமா? கதிரும் அப்படித்தான்.

வெயிலின் கழியூதா வலுவை அளக்க யு.வி. சுட்டி என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். வானிலை அறிக்கையிலும் இது வரும். ஊர்வனவற்றைக் காட்டிலேயே பின்தொடர்ந்து, அவை எவ்வளவு கதிரைத் தாமாக விரும்பி எடுக்கின்றன என்று அளந்த ஆய்வை அமெரிக்காவின் பேராசிரியர் கெரி பெர்குசனும் அவரது குழுவினரும் 2010இல் வெளியிட்டார்கள். ஊர்வனவற்றை நான்கு வகுப்பாக அது பிரித்தது. நிழலிலேயே இருப்பவை முதல் வகுப்பு, உச்சி வெயிலில் கிடப்பவை நாலாம் வகுப்பு. யெமன் பச்சோந்தி மூன்றாம் வகுப்பில் வைக்கப்படுகிறது. அது வெயில் காயும் இடத்தில் யு.வி. சுட்டி 3 அளவில் இருந்தால் நல்லது என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்களின் பொதுவான வழக்கம்.

நான் மேலே சொன்ன 6 சதவீத டி5 குழலை வலைக்கு மேல் வைத்தால், ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றருக்குக் கீழே இந்த அளவு கிடைக்கும். இதை ஆரம்பக் கணக்காக மட்டும் எடுங்கள். கூட்டின் மேல் வலை நெருக்கமாக இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிலேயே தங்கிவிடும். விளக்குக்கும் பிராணிக்கும் இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால் யு.வி.பி. அநேகமாகப் போய்விடும். தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையைப் படியுங்கள். 'சோலார்மீற்றர் 6.5' என்ற கருவி இந்தச் சுட்டியையே காட்டும். அது விலை கூடியது. வாங்க முடியாவிட்டால் ஊர்வன வளர்ப்போரிடமோ மிருக வைத்தியரிடமோ இரவல் கேட்டு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். தூரத்தைக் கிளை வரை அளக்கிறோம். ஆனால் கதிர் முதலில் படுவது பிராணியின் முதுகிலும் கொண்டையிலும். அது கிளைக்கு மேலே பல சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. குட்டி வளர்ந்து பெரிதாகும்போது இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஆகவே முதுகு வரை அளவுங்கள், வளர வளரக் கிளையைத் தாழ்த்துங்கள். சூட்டுக் குமிழிலும் இதே கவனம் வேண்டும். சூடு அளவுக்கு மிஞ்சினாலும் பச்சோந்தி விலகாமல் இருந்து கொண்டையைச் சுட்டுக்கொள்ளும். முதுகுபடும் இடத்தில் சூடு 30 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் வளர்ந்த பச்சோந்திக்குப் போதும். குட்டிக்கு அதிலும் குறைவு.

நிழல் இல்லாத வெயில் தண்டனை

விளக்கைவிட முக்கியமானது நிழல் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். பெந்தர் பச்சோந்தி என்ற மடகஸ்கார் இனத்தை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உணவில் விற்றமின் டி3 குறைவாகப் பெற்றவை தாமாகவே அதிக நேரம் கழியூதா வெளிச்சத்தில் இருந்தன. அதிகம் பெற்றவை விலகி இருந்தன. தன் தேவைக்கு எவ்வளவு என்று அந்தச் சிறு உயிருக்கே தெரிந்திருக்கிறது! படைத்தவன் கொடுத்த அறிவு அது.

ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்த அதற்கு இடம் வேண்டுமே. நான்கு பக்கமும் வெளிச்சம் அடிக்கும் வெற்றுக் கூட்டில் அது எங்கே போகும்? மேலே ஒரு வெயில் கிளை, கீழே இலை அடர்ந்த செடி, நடுவில் ஏறி இறங்கப் பல கிளைகள். இப்படி அமைத்துவிட்டால் நமது கணக்கில் சிறு பிழை இருந்தாலும் பிராணி அதைச் சரிசெய்துகொள்ளும்.

விற்றமின் டி3 கலந்த தூளை அள்ளிப் போடுவதும் இதற்குப் பதிலாகாது. தோலில் உருவாகும் விற்றமின் மிஞ்சினால், தோலே அதைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடும். வாயால் கொடுப்பதற்கு அந்தத் தடுப்பு இல்லை. உடலில் சேர்ந்து நஞ்சாகும். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

பகல் பன்னிரண்டு மணித்தியாலம் விளக்கு, இரவு முழு இருட்டு. சிவப்பு, நீலம் என்று இரவு விளக்கு எதுவும் வேண்டாம். நேரம் தவறாமல் இருக்க ஒரு தானியங்கிச் சுவிட்சைப் பூட்டிவிட்டால் உங்கள் தலையில் ஒரு சுமை குறையும். குழல் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யு.வி.பி. குறைந்துகொண்டு போகும். டி5 குழலை வருடத்துக்கு ஒருமுறையும், டி8 குழலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொது வழக்கம். மாட்டிய திகதியைக் குழலின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

கோடையில் வெளியே உண்மையான வெயில் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. வலைக் கூட்டில், நிழலுக்கு ஒரு செடியோடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வையுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் அது அடுப்பாகிவிடும்.

வீட்டாரின் பாதுகாப்பு

விளக்கு கூட்டின் மேல், தகட்டு மூடியோடு, கீழ்நோக்கி இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளை நிமிர்ந்தால் குழல் கண்ணில் படுமா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பட்டால் மறைப்பு வையுங்கள். கூட்டைச் சுத்தம் செய்யும்போதும், கிளையை மாற்றும்போதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

"எங்களுக்கும் விற்றமின் டி குறைவுதானே, இந்த வெளிச்சத்தில் பிள்ளையை உட்கார வைக்கலாமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம். இது மனிதருக்குச் செய்யப்பட்டதல்ல. அதற்கு மாத்திரையும் வைத்தியரும் இருக்கிறார்கள்.

பச்சோந்திக் கூட்டில் நாளும் தண்ணீர் தெளிக்கிறோம். மின் கம்பி செருகியை விடத் தாழ்ந்து ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். குழலில் சிறிதளவு இரசம் உண்டு. உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கையுறை போட்டு, தடித்த காகிதத்தால் அள்ளி மூடியுள்ள போத்தலில் போடுங்கள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பாவிக்க வேண்டாம்.

தினமும் ஒரு பார்வை

பச்சோந்தி நோயை மறைக்கும் பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் இரையாகிவிடும் அல்லவா? ஆகவே காலையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கால்கள் நேராக, உடலைத் தூக்கி நடக்கிறதா? பிடி இறுக்கமா? நாக்கு முழுத் தூரம் போகிறதா? கை கால் நடுக்கம், வளைவு, வாய் சரியாக மூடாமை தென்பட்டால் யு.வி.பி.யோ கல்சியமோ குறைந்திருக்கலாம். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, இமை வீங்குவது, வெளிச்சத்துக்கே வராமல் ஒளிவது கதிர் மிஞ்சியதன் அறிகுறியாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். இரண்டிலும் காத்திருக்க வேண்டாம். ஊர்வன அறிந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வளைந்த எலும்பு முற்றாக நிமிர்வது அரிது. ஆனால் நேரத்தோடு கண்டால் மேலும் வளையாமல் நிறுத்தலாம்.

சகோதரிகளே, இவ்வளவும் செய்ய முடியாது என்று தோன்றினால் வாங்குவதற்கு முன்பே மகனிடம் சொல்லிவிடுங்கள். அதில் குறை ஒன்றுமில்லை. வாங்கித்தான் ஆவதென்றால் பிராணிக்கு முன்னர் விளக்கை வாங்குங்கள். கூட்டை அமைத்து, கிளையின் உயரத்தை அளந்து, ஒரு வாரம் வெறுமனே எரியவிட்டுச் சூட்டைக் குறித்து வையுங்கள். அந்த வேலையை மகனிடமே கொடுங்கள், கொப்பியில் தினமும் எழுதட்டும். ஏழு நாளும் எழுதி முடித்தால் எட்டாம் நாள் கடைக்குப் போகலாம்.